நோகாமல் நுங்கு தின்றது யார்? 'மணி ஃபார் நத்திங்' பாட்டை வைத்து ஒரு சண்டை

கேசட்காரன்

பழைய சாமான் பெட்டியைக் கிளறும்போது பிரிட்டிஷ் ராக் குழு டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் கேசட் அகப்பட்டது. ஓட்டிப் பார்க்க டெக் இல்லை. சரி என்று ஃபோனில் போட்டேன். இரண்டாவது பாட்டு 'மணி ஃபார் நத்திங்'. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்த ஆள் யாரைப்பா திட்டுகிறான்?" என்றாள். கல்லூரிக் காலத்திலிருந்து கேட்கிற பாட்டு, நேரான பதில் வாயில் வரவில்லை. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: பாட்டை எழுதிப் பாடிய மார்க் நாஃப்லர், நியூயார்க்கில் ஒரு கடைக்குள் போகிறார். ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், கலர் டிவி, சமையலறை செட் எல்லாம் விற்கிற கடை. அங்கிருந்த டிவிகளில் பாட்டு வீடியோ போடுகிற எம்டிவி சேனல் ஓடுகிறது. சாமான் தூக்குகிற ஆள் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருக்கிறார். கிட்டாரைத் தட்டிக்கொண்டு டிவியில் குதிக்கிறவனுக்கெல்லாம் காசு சும்மா கொட்டுகிறது, பெண்கள் தேடி வருகிறார்கள், நான் இங்கே ஃப்ரிட்ஜ் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்கிற புலம்பல். நாஃப்லர் கடையிலேயே பேனாவும் தாளும் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் காட்சிக்கு வைத்திருந்த சமையலறையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். பாட்டில் பாதி அந்த ஆளின் பேச்சுதான்.

இப்போது சொல்லுங்கள், நையாண்டி யார் மேல்? நோகாமல் நுங்கு தின்கிற ராக் நட்சத்திரங்கள் மேலா? அவர்களைப் பார்த்து வயிறெரிகிற தொழிலாளி மேலா? பாடுகிறவரே ராக் நட்சத்திரம் என்பதுதான் இடிக்கிறது.

நள்ளிரவு வானொலி

நையாண்டி எம்டிவி மேல். ஆனால் அது எம்டிவிக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை, அதுதான் இந்தப் பாட்டின் வரலாறே.

எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அப்போது பல ஊர்களில் கேபிள்காரர்கள் அதை எடுக்கவே இல்லை. அதனால் 1982இல் ஒரு விளம்பரம் வந்தது. விளம்பர உலகில் பெயர் பெற்ற ஜார்ஜ் லோயிஸின் வேலை. மிக் ஜாகர், டேவிட் போவி, பீட் டவுன்ஷெண்ட் மாதிரி ராக் நட்சத்திரங்கள் கேமராவைப் பார்த்து "ஐ வாண்ட் மை எம்டிவி" (எனக்கு என் எம்டிவி வேணும்) என்று கத்துவார்கள். பார்க்கிற பையன்கள் கேபிள் கம்பெனிக்கு ஃபோன் போட்டு அதையே கத்த வேண்டும். கத்தினார்கள், கேபிள்காரர்கள் வழிக்கு வந்தார்கள்.

அந்த விளம்பர வரியைத்தான் இந்தப் பாட்டு அப்படியே எடுக்கிறது. ஆரம்பத்தில் காற்றில் மிதந்து வருகிற அந்த மெல்லிய குரல் இன்னொரு ராக் பாடகர் ஸ்டிங்குடையது. கரீபியன் கடலில் மான்ட்செராட் என்ற சின்னத் தீவு, அங்கே ஏர் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. ஸ்டிங் அதே தீவில் விடுமுறைக்கு வந்திருந்தார், கூப்பிட்டார்கள், பாடினார். பாடிய மெட்டு, 'போலீஸ்' என்ற அவருடைய பழைய இசைக்குழுவின் பாட்டு ஒன்றின் மெட்டைப் போலவே இருந்ததால், அவருடைய பாட்டுப் பதிப்பு நிறுவனம் பங்கு கேட்டது. பாட்டாசிரியர் பட்டியலில் நாஃப்லருக்குப் பக்கத்தில் ஸ்டிங் பெயரும் ஏறிவிட்டது. அவருக்கே அதில் சங்கடம்தான். ஆனால் கேசட்காரன் கேட்ட கேள்விக்கு நேரடி பதில் இதுவே: நோகாமல் நுங்கு தின்றவர் ஸ்டிங்.

பாட்டு வெளிவந்த 1985இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம், பிரிட்டனில் நாலாவது இடம். எம்டிவி ராப்பகலாக ஓட்டியது. மறு வருஷம் எம்டிவி விருதுகளில் ஆண்டின் சிறந்த வீடியோ எது? இதுதான். 1987 ஆகஸ்ட் 1 அன்று ஐரோப்பாவில் எம்டிவி தொடங்கியபோது முதலில் போட்ட வீடியோ எது? அதுவும் இதுதான். தன்னைக் கிண்டல் செய்த பாட்டை வைத்தே புதுக்கடை திறந்தான் பாருங்கள், அவன் வியாபாரி.

பிளேட்_பரோட்டா

எவ்வளவு யோசனை! அந்த கிட்டார் வந்ததும் தலை தானாக ஆடும், அதோடு நம்ம வேலை முடிந்தது. நாலு வருஷம் ஹாஸ்டலில் கேட்டேன், ஒரு வரி புரிந்ததில்லை.

ஆறு_கம்பி

பரோட்டா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நையாண்டி இவ்வளவு தூரம் பயணம் செய்ததற்கு அந்த ஒலிதான் வண்டி. நான் வார்த்தையைப் பற்றிப் பேச மாட்டேன், ஒலியைப் பற்றிப் பேசுகிறேன்.

நாஃப்லர் பிக் (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) வைத்து வாசிக்கிற ஆள் இல்லை, விரல்தான். அதுவரை அவருக்கென்று இருந்தது சுத்தமான, மெலிந்த ஸ்ட்ராட்டகாஸ்டர் கிட்டார் ஒலி. இதில் அவர் தேடியது டெக்சாஸ் குழு ஸீஸீ டாப்பின் தடித்த, உறுமுகிற ஒலி. எப்படிப் பிடிப்பது என்று அந்தக் குழுவின் பில்லி கிப்பன்ஸையே கேட்டாராம். நான் ஒன்றுமே சொல்லித் தரவில்லை, அப்படியிருந்தும் பரவாயில்லாமல் செய்துவிட்டார் என்று கிப்பன்ஸ் பின்னால் கிண்டலாகச் சொன்னார்.

ஒலி வந்தது தற்செயலாக. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் முன்னால் மைக் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று தரையைப் பார்த்துக் கிடந்தது, இன்னொன்று ஸ்பீக்கரைச் சரியாகப் பார்க்காமல் கோணலாக நின்றது. ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் வாசித்ததை ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மன் கேட்டார், யாரும் எதையும் தொடாதீர்கள் என்று ஆகிவிட்டது. அப்புறம் நியூயார்க் போய் அதே ஒலியை இன்னொரு தடவை உண்டாக்கப் பார்த்தார்கள், வரவில்லை. அந்த மான்ட்செராட் ஸ்டூடியோவும் இப்போது இல்லை. 1989இல் ஹ்யூகோ சூறாவளி அடித்து நொறுக்கியது, 1995இல் எரிமலை வெடிக்க ஆரம்பித்துத் தீவின் தெற்குப் பக்கமே காலியாகிவிட்டது.

கம்பி கட்டி முப்பது வருஷம் ஆகிறது. அந்த ஆரம்பத் துண்டை வாசிக்க யாருக்கும் வரும். அந்த மாதிரி ஒலிக்க வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. விரல் நுனியில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம், அதையும் பாட்டில் அந்த ஆள் நக்கல் அடிக்கிறான்.

கேசட்காரன்

ஆறு_கம்பி அண்ணா, எட்டரை நிமிஷமும் அந்த ஒலி ஓடுகிறதே, அலுக்கவே இல்லை. இசைத்தட்டு வைத்திருந்த நண்பன் வீட்டில் இதே பாட்டு ஏழு நிமிஷ சொச்சத்தில் முடிந்துவிடும். தட்டில் இடம் போதாமல் வெட்டியது என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. சிடி என்ற பண்டத்தை உலகத்துக்கு விற்றுக் கொடுத்ததே இந்த ஆல்பம்தான். சிடியில் பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம். ஆல்பத்தோடு போன கச்சேரிச் சுற்றுப்பயணத்துக்குக் காசு போட்டது பிலிப்ஸ், அதாவது அப்போது சிடி பிளேயர் விற்ற கம்பெனி. மின்சாதனக் கடைத் தொழிலாளியின் புலம்பலைப் பாடி, மின்சாதனக் கடையில் புதுச் சாமான் விற்க உதவியிருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஸ்கார்பரோ_மாமி

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். பாட்டின் அந்த இரண்டாவது பத்தியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே இந்தப் பாட்டு பெரிய வழக்காகிப் போனது. தோடும் மேக்கப்பும் போட்ட பாடகனைப் பார்த்து அந்தத் தொழிலாளி, ஓரினச்சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் ஆங்கில வசைச்சொல்லை மூன்று தடவை சொல்லுவான். 2010 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரத்து வானொலி ஒன்றில் அதை வெட்டாமல் போட்டார்கள். கேட்ட ஒருவர் முறைப்பாடு கொடுத்தார். 2011 ஜனவரியில் கனடிய ஒலிபரப்புத் தர மன்றம், வெட்டாத பாட்டைத் தனியார் வானொலிகள் போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டு வந்து இருபத்தைந்து வருஷம் கழித்து!

உடனே எட்மன்டனிலும் ஹாலிஃபாக்ஸிலும் இரண்டு வானொலிகள் எதிர்ப்பாக அந்த வெட்டாத பாட்டையே ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டன. மத்திய ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி, இதை மீண்டும் பாருங்கள் என்று கேட்டது. ஆகஸ்ட் கடைசியில் மன்றம் இறங்கி வந்தது. சொல் கெட்ட சொல்தான், ஆனால் பாட்டின் சூழலில் அது நையாண்டி, போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த நிலையமே முடிவு செய்யட்டும் என்றார்கள்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மகன் 'சென்சார்' என்று கத்தினான். மருமகள் ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ரேடியோவை மாற்றினாள்.

நள்ளிரவு வானொலி

மாமி, அந்த முதல் தீர்ப்பு அபத்தம். பாத்திரம் பேசுகிறது, பாடகர் பேசவில்லை. நாடகத்தில் வில்லன் கொலை செய்தால் நடிகரைப் பிடித்து உள்ளே போடுவோமா? அமெரிக்கப் பாடகர் ராண்டி நியூமனுக்கும் இதே கதிதான். 1977இல் 'ஷார்ட் பீப்பிள்' என்று குள்ளமானவர்களை வெறுக்கிற ஒரு கிறுக்கனின் குரலில் பாடினார். வெறுப்பு எவ்வளவு மடத்தனம் என்று காட்டத்தான். மேரிலாந்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதை வானொலியில் தடுக்க மசோதா வரைக்கும் போனார். பாட்டு தரவரிசையில் இரண்டாம் இடம் வந்தது. நையாண்டி புரியாதவர்களுக்காகப் பாட்டை வெட்ட ஆரம்பித்தால் கடைசியில் தாலாட்டு மட்டும்தான் மிஞ்சும்.

பெயர்_வேண்டாம்

வழக்கமாக இங்கே படிப்பேன், எழுதுவதில்லை. வானொலி அவர்களே, எனக்கும் நையாண்டி புரியும். அந்தப் பத்தியில் பாடகர் அந்த மனிதனின் குறுகிய புத்தியைக் காட்டுகிறார் என்பதும் புரியும். எனக்குப் புரியாதது, அதைப் புரிந்துகொள்ளும் வேலையை ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் செய்ய வேண்டும் என்பது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பார்ட்டியில் இந்தப் பாட்டைப் போட்டார்கள். அந்த வரி வந்ததும் நாலு பேர் என்னைப் பார்த்து அதைச் சேர்ந்து பாடினார்கள். அவர்கள் எந்தப் பாத்திரத்தையும் நடிக்கவில்லை. பாட்டில் இருப்பதைத்தானே பாடினோம் என்றார்கள். நான் தடை கேட்கவில்லை. அபத்தம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு தகவல். 1985லேயே லண்டனில் ஓரினச்சேர்க்கையாளர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் இதைப் பற்றி நாஃப்லரிடம் வருத்தப்பட்டார். அதைப் பற்றி நாஃப்லரே அப்போது ஒரு பேட்டியில் பேசினார். இன்னொருவன் குரலில் பாட்டு எழுதுவது சரியான யோசனைதானா என்று தனக்கே இரண்டு மனமாக இருக்கிறது என்றார். பின்னாளில் மேடையில் பல தடவை அந்தச் சொல்லை மாற்றிப் பாடியும் இருக்கிறார். எழுதியவருக்கே இருந்த சந்தேகம் ரசிகர்களுக்கு இல்லை.

நள்ளிரவு வானொலி

பெயர்_வேண்டாம், மன்னிக்கவும். அபத்தம் என்றது தீர்ப்பை, உங்களை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன பார்ட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. தாலாட்டு ஜோக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வயர்ஃபிரேம்

நான் அனிமேஷன் ஆள், வீடியோ பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

நாஃப்லருக்கு வீடியோ என்றாலே பிடிக்காது. மேடையில் நின்று வாசிப்பதைப் படம் பிடித்தால் போதும் என்கிற கட்சி. எம்டிவியோ கதை, கற்பனை என்று ஏதாவது கேட்டது. இயக்குநர் ஸ்டீவ் பாரன், மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எடுத்தவர், குழு கச்சேரி செய்துகொண்டிருந்த புடாபெஸ்டுக்கே விமானம் ஏறிப் போய்க் கெஞ்சினார். கூட இருந்த நாஃப்லரின் காதலி, இவர் சொல்வது சரிதான், எம்டிவியில் நல்ல வீடியோவே வருவதில்லை என்று பாரன் பக்கம் சாய, நாஃப்லர் மடங்கினார். வீடியோவில் வருகிற மேடைக் காட்சிகள் அந்தப் புடாபெஸ்ட் கச்சேரிதான். நடுவில் டிவிக்குள் ஓடுகிற 'வேறு பாட்டு' ஒன்று ஹங்கேரிக் குழு ஒன்றின் நிஜ வீடியோ.

வீடியோவில் சாமான் தூக்குகிற அந்தப் பெட்டிபெட்டியான இரண்டு கணினித் தொழிலாளிகளைச் செய்தவர்கள் லண்டனில் இயன் பியர்சனும் கேவின் பிளேரும். பாஷ் எஃப்ஜிஎஸ்-4000 என்ற இயந்திரம். மனித உருவத்தைக் கணினியில் நடக்க வைத்து நடிக்க வைப்பது அன்றைக்குச் சாதாரண வேலை இல்லை. இன்னும் நுணுக்கமாக, சட்டைப் பொத்தான் வரைக்கும் செய்ய ஆசைப்பட்டார்கள், காலமும் காசும் போதவில்லை. அந்தக் குறையே அழகாகிவிட்டது. முகத்தில் சதை இல்லை, கண்ணில் உயிர் இல்லை, தூக்குகிறான், வைக்கிறான், டிவியைப் பார்க்கிறான். அதே ஆட்கள் பின்னால் கனடா போய் 1994இல் 'ரீபூட்' எடுத்தார்கள், முழுக்கக் கணினியில் செய்த முதல் அரைமணி நேரத் தொலைக்காட்சித் தொடர். பாட்டின் உண்மையான வாரிசு எங்கள் தொழில் என்று நான் சொல்வேன். நையாண்டியாவது மண்ணாவது.

பிளேட்_பரோட்டா

வயர்ஃபிரேம், இந்த வீடியோவைப் பார்த்துத்தான் நான் இன்ஜினியரிங் எடுத்தேன். இப்போது மீட்டிங் போட்டுக்கொண்டிருக்கிறேன். கேஸ் போடலாமா?

மணிக்கூண்டு

வீடியோ, எம்டிவி என்று பேசுகிறீர்கள். நம் ஊர்ப்பக்கம் அது தலைகீழாக நடந்தது. எம்டிவி இந்தியாவுக்கு வந்தது 1991இல், ஸ்டார் டிவியோடு சாட்டிலைட்டில். பாட்டு 1985. நடுவில் ஆறு வருஷம் எம்டிவி என்றால் என்ன என்று தெரியாமலே அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் செட்டில் ஒருவன் அது ஏதோ சாப்பிடுகிற பொருள் என்று நினைத்திருந்தான். முழுத்தப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த விளம்பர வாசகத்துக்கு மூலம், அதே ஜார்ஜ் லோயிஸ் முன்னால் கைவைத்த ஓட்ஸ் கஞ்சி விளம்பரம். "எனக்கு என் மேப்போ வேணும்" என்று அழுகிற விளம்பரம் அது.

நையாண்டி வந்து சேர்ந்தது, நையாண்டி செய்யப்பட்ட ஆள் ஆறு வருஷம் கழித்து வந்தான். வந்தவனைப் பார்த்து, ஓ, நீதானா அது என்று ஆசையாகத்தான் பார்த்தோம்.

ஆறு_கம்பி

பகடியைப் பகடி செய்த கதையும் உண்டு. கேலிப் பாட்டுக்காரர் வியர்டு அல் யான்கோவிச் 1989இல் இந்த மெட்டில் 'பெவர்லி ஹில்பில்லிஸ்' என்ற பழைய டிவி தொடரின் கதையைப் பாடினார். வீடியோவும் இதன் அச்சு அசல் நக்கல். நாஃப்லர் அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: கிட்டாரை நான்தான் வாசிப்பேன். தன்னைக் கேலி செய்யும் பாட்டில் தானே வாசித்தார். வேடிக்கை என்னவென்றால், அசலில் பல வருஷம் வாசித்துப் பழகிவிட்டதால் இதில் கொஞ்சம் தளர்வாக வாசிக்கிறார். அல்லோடு வழக்கமாக வாசிக்கிறவரின் ஒத்திகைப் பதிவு அசலுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்ததாம்.

மூணாவது மாடி

நான் படிப்பு முடித்துவிட்டு மூன்று வருஷம் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் டெலிவரியில் இருந்தேன். கடை பெயர் வேண்டாம். எல்லாரும் எம்டிவி, ஸ்டிங், கனடா என்று போய்விட்டீர்கள். பாட்டில் பேசுகிறவனைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடையிலும் ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே டெமோ ஓடும். அருவி, பஞ்சவர்ணக்கிளி, கடலுக்கடியில் மீன், பனிமலையில் சறுக்குகிற வெள்ளைக்காரன். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும். குட்டியானையில் ஏற்ற பில் வரும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பனியில் சறுக்குகிறவனை எங்கள் கூட இருந்த அண்ணன் ஒருத்தர் தினமும் திட்டுவார். "பொழப்பைப் பாரு, சறுக்குறதுக்குக் காசு குடுக்குறாங்க." சறுக்குகிறவன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. இடுப்பு வலி, அவ்வளவுதான். அந்த ஆளை அந்த டிவியில் தினமும் எதிரே கொண்டுவந்து நிறுத்தினால் அவனைத்தான் திட்டுவார், முதலாளியையா திட்டுவார்? முதலாளி அங்கேதான் கல்லாவில் இருப்பார்.

நாஃப்லர் அந்த ஆளை, எல்லாவற்றையும் காசாகப் பார்க்கிற விவரம் கெட்டவன் என்கிற மாதிரிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கூடவே, அவன் ஏளனம் செய்யவில்லை, அவனுக்கு ராக் பாடகர்கள் மேல் ஒரு மாதிரி மரியாதைகூட இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டாவதை ஒத்துக்கொள்கிறேன். காசாகப் பார்ப்பதில் என்ன தப்பு என்று கேட்கிறேன். அவன் போட்ட கணக்கு சரிதானே. இரண்டாவது பத்தியில் அவன் வாயில் வருகிற சொல்லுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, பெயர்_வேண்டாம் சொன்னதுதான் சரி. எங்கள் அண்ணனும் அந்த மாதிரிப் பேசுவார், நாங்களும் சிரித்திருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இடம் ஒன்றுதான். திட்டிக்கொண்டே வருகிறவன் நடுவில், நானும் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கலாம், டிரம்ஸ் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று சொல்லுவான். அங்கே எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கேசட்காரன்

மூணாவது மாடி, இந்த இழையைத் திறந்தது உங்களுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். நாஃப்லர் பாடகர் ஆகும் முன் லீட்ஸ் நகரத்தில் 'யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் நிருபராக இருந்தார். அப்புறம் லண்டன் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். கடையில் அந்த ஆள் பேசியதும் பேனா கேட்டது பழைய நிருபரின் கை. நிருபர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார், அதற்குமேல் பொறுப்பு ஏற்க மாட்டார். பாட்டு எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்கிறவன் அவனவன் வசதிக்கு எடுத்துக்கொள்கிறான்.

ஸ்கார்பரோ_மாமி

நிருபர் என்றால் பேட்டி கொடுத்தவரின் பெயரையாவது போட்டிருப்பார், தம்பி.

மூணாவது மாடி

மாமி, அதையேதான் எங்கள் அண்ணனும் கேட்டார். ஒருநாள் மழை, டெலிவரி இல்லை. கடைக்குப் பின்னால் கோடவுனில் உட்கார்ந்து ஃபோனில் இந்தப் பாட்டைப் போட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், கலர் டிவி என்று வந்ததும் எல்லாரும் விசில். பாட்டு முடிந்ததும் இந்தக் கதையையும் சொன்னேன். ஆல்பம் மூன்று கோடிக்கு மேல் விற்றது என்றும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அந்த லோடுமேனுக்கு எதாவது குடுத்தாங்களா?" என்றார்.

பிளேட்_பரோட்டா

ஸ்டிங்குக்குக் கொடுத்தார்கள்.

கேசட்காரன்

மகள் மொத்த இழையையும் படித்துவிட்டாள். நாஃப்லரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மூணாவது மாடி அங்கிளிடம் கேட்கச் சொல்கிறாள்: லிஃப்ட் இல்லாத வீட்டில் டபுள் டோர் ஃப்ரிட்ஜை மூன்றாவது மாடிக்கு எப்படி ஏற்றுவீர்கள்?

மூணாவது மாடி

படி திரும்புகிற இடத்தில்தான் எல்லாமே, பாப்பா. கைப்பிடி இடித்தால் முதலில் ஃப்ரிட்ஜ் கதவைக் கழற்றிவிடுவோம். சாக்கை மடித்து மூலைகளில் கொடுத்து, அகலப் பட்டையை அடியில் விட்டு இரண்டு பேர் தோளில் மாட்டுவோம். கம்ப்ரெஸர் பக்கம்தான் கனம், அது கீழ்ப்படியில் நிற்பவர் பொறுப்பு. அதனால் அங்கே எப்போதும் அண்ணன்தான். ஏற்றி வைத்ததும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும், உடனே சுவிட்சைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். நாங்கள் முதல் மாடி இறங்குவதற்குள் போட்டுவிடுவார்கள்.